ராஜராஜனும் வாட்ஸப் குழுவும்

அன்புள்ள ஐயா,

ராஜராஜன் இந்துவா, சைவனா என்று 2022-ல் கிளம்பிய சண்டையில், எங்கள் உறவினர் வாட்ஸப் குழுவில் நானும் இறங்கினேன். அப்புறம் கீழடி, ஆரியர், சிந்துவெளி என்று அது ஓயவே இல்லை. ராத்திரி முழுக்கப் பதிலடி தேடுவதிலேயே போகிறது. இதை விட்டுவிட்டுக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை. ஆனால் அது தப்பித்து ஓடுவது ஆகாதா? குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா?

ச., நாமக்கல்

அன்புள்ள ச.,

ஓடுவதுதான். ஓடினால் என்ன? பக்கத்தில் ஒருவருடைய நிலமோ பிழைப்போ பறிபோகும்போது வாயை மூடிக்கொண்டு கல்வெட்டு படித்தால் அது கோழைத்தனம். உங்கள் குழுவில் நடப்பது அதுவல்ல. ராஜராஜன் அங்கே ஒருவரை ஒருவர் அடிக்கக் கையில் எடுத்த கட்டை, அவ்வளவுதான்.

அவன் என்ன எழுதி வைத்தான் என்று அந்தக் குழுவில் யாராவது பார்த்திருப்பார்களா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடும் பெண்களின்) பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் (அந்தக் காலத்துத் தானிய அளவு) நெல். தையல்காரர், நாவிதர், கணக்கர் எல்லாருக்கும் பங்கு உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, நெருங்கிய சொந்தக்காரர் அந்த வேலையைச் செய்து நெல்லை வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு அந்த வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அவர் நியமிக்க வேண்டும். இதைப் படிக்கும்போது அந்தப் பெண்கள் விரும்பித்தான் வந்தார்களா, 100 கலம் நெல்லில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்திருக்கும் என்றெல்லாம் கேள்வி வரும். இவற்றுக்கு ஃபார்வர்டில் பதில் கிடைக்காது.

ஐராவதம் மகாதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே கல்வெட்டில் இறங்கியவர். பிறகு தினமணி ஆசிரியராகவும் இருந்தார். அன்றாடச் சர்ச்சைக்குப் பஞ்சமில்லாத நாற்காலிதான். சிந்துவெளி மொழி திராவிடம் என்பது அவர் கட்சி, அதாவது அவர் நிலைப்பாடு. ஆனால் 1977-ல் அவர் வெளியிட்டது அந்த எழுத்துகளின் தொகுப்பு: எந்தக் குறி எந்த முத்திரையில், எதற்குப் பக்கத்தில் வருகிறது என்ற அட்டவணைகள். அவர் முடிவை மறுப்பவரும் அதைப் புரட்டித்தான் ஆக வேண்டும். தமிழ் பிராமிக் (தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்) கல்வெட்டுகள் பற்றிய பெரிய நூல் வந்தது 2003-ல், அவருடைய எழுபதுகளில். கட்சி இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவு பதினோரு மணிக்கு அதை நிரூபித்தே தீர வேண்டும் என்கிற அவசரம்தான் ஆளைத் தின்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் ஊரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் ஒன்றும் தொலைவில்லை. அங்கே ஆறுநாட்டார் மலைக் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. யாற்றூர் செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக, சேரர் குல இளங்கடுங்கோ இளங்கோ (பட்டத்து இளவரசன்) ஆனபோது வெட்டிக் கொடுத்த இடம். அவன் அப்பா பெருங்கடுங்கோன், தாத்தா ஆதன் செல்லிரும்பொறை என்று மூன்று தலைமுறைப் பெயரும் கல்லிலேயே இருக்கிறது. எழுத்து பயப்படும்படி இல்லை: க ஒரு கூட்டல் குறி, ர ஒரு நேர்க்கோடு. எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்துக்கொண்டு, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். உச்சிவெயிலில் கீறல் எது, எழுத்து எது என்று தெரியாது. சுண்ணாம்பு, மாவு எதையும் பாறையில் தேய்க்காதீர்கள்.

குழுவை விட்டு வெளியேற வேண்டாம். வெளியேறினால் ஏன் போனாய் என்று அதற்கொரு விவாதம் நடத்துவார்கள். மியூட் செய்தால் போதும். கல்யாணத் தேதி, பத்திரிகை எல்லாம் அதில்தானே வருகிறது.