ரைட் ஃபீல்டில் நிற்கும் பையன்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் நியூ ஜெர்சி எடிசனில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். விளையாட்டையும் ஊர்களையும் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதில் பேஸ்பால் ஆட்டக்காரர் மைக் டிரவுட் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போனது. என் மகனுக்கு அவர்தான் எல்லாம். அறைச் சுவர் முழுக்க அவர் படம்.

மகனுக்கு 15 வயது. டிரவுட் மாதிரி சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்து வெளிப்பகுதியின் நடுவில், ஆட வேண்டும் என்று ஆசை. இந்த வருடம் பள்ளி அணியில் கோச் அவனை வலது ஓரமான ரைட் ஃபீல்டில் நிறுத்திவிட்டார். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் ஆடத் தெரியாதவர்களைத்தான் அங்கே நிறுத்துவார்களாம். நாலு நாளாக வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரவுட் 17 வயதில் பள்ளியிலிருந்து நேரே தேர்வாகி, 20 வயதில் நாட்டையே பேச வைத்துவிட்டார் என்கிறான். அவர் மாதிரி ஆட்களுக்கு எல்லாம் பிறவியிலேயே எழுதியிருக்கும் போல. இவனுக்கு நேரம் தாண்டிவிட்டதா? கிரிக்கெட் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவனிடம் என்ன சொல்வது?

ஆர்., எடிசன்

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 15 வயதில் மைக் டிரவுட் அவுட்ஃபீல்டரே, அதாவது அந்த வெளிப்பகுதியில் நிற்பவரே, இல்லை. 16 வயதிலும் இல்லை. மில்வில் உயர்நிலைப் பள்ளியில் அவர் பந்து வீசும் பிட்சராகவும் உள்பகுதியில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாகவும்தான் ஆடிக்கொண்டிருந்தார். பதினோராம் வகுப்பில், ஓர் ஆட்டம் முழுக்கப் பந்து வீசி எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (அடித்தவர் முதல் பேஸ் என்ற இடத்தைப் பத்திரமாக எட்டும் அடி) கொடுக்காமல் முடித்திருக்கிறார். அவுட்ஃபீல்டுக்கு மாறியது பள்ளியின் கடைசி ஆண்டில்தான். சென்டர் ஃபீல்ட் என்றதும் இன்று நினைவுக்கு வருகிற ஆள், அந்த இடத்தில் நின்று பழகிய சில மாதங்களில், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் போனார். இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மில்வில் உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் தெற்கே. முடிந்தால் அவனை ஒருமுறை அழைத்துப் போய்வாருங்கள். கண்ணாடித் தொழிற்சாலைகளால் வளர்ந்த சின்ன ஊர். மைக்கின் அப்பா ஜெஃப் டிரவுட் அங்கே பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தார், பேஸ்பால் பயிற்சியும் கொடுத்தார். 1983இல் மினசோட்டா ட்வின்ஸ் அணி ஜெஃபை டிராஃப்டில் எடுத்தது. உச்ச மட்டமான மேஜர் லீகுக்குக் கீழே இருக்கும் மைனர் லீகில் நான்கு வருடம் ஆடினார். அதில் டபுள் ஏ என்ற படி வரை ஏறினார், அதற்கு மேல் போகவில்லை. ஊருக்குத் திரும்பி வாத்தியார் ஆனார். அந்த நான்கு வருடத்தில் அவரோடு ஆடியவர்களில் கிரெக் மோர்ஹார்ட் என்று ஒருவர். அவரும் மேஜர் லீகை எட்டவில்லை. இந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களைச் சொல்லாமல் மைக்கின் கதையைச் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் தொடக்கத்தில் உங்கள் மாநிலத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். நண்பர் தன் பக்கத்துப் பள்ளியில் ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். வானம் சாம்பல் பூத்திருந்தது. பெற்றோர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். மட்டையில் பந்து படும் ஒவ்வொரு தடவையும் அடித்த பையன் கையை உதறினான். அந்தக் குளிரில் மட்டையின் அதிர்வு எலும்புவரை ஏறும் என்றார் நண்பர். கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு பெரியவர் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். பந்து மட்டையில் பட்டதும் ஒரு அழுத்து. பையனின் கால் முதல் பேஸை மிதித்ததும் இன்னொரு அழுத்து. உடனே சின்ன நோட்டில் ஒரு எண். பந்து எங்கே போனது, யார் பிடித்தார்கள் என்று அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுக்க அவர் பார்த்ததெல்லாம் கால்களைத்தான். எனக்கு ஆட்டத்தைவிட அவர்தான் மனதில் நின்றார்.

அந்தத் தூரம் 90 அடி. வலது கையால் மட்டை பிடிப்பவர் 4.3 வினாடியில் ஓடினால் மேஜர் லீகில் சராசரி. பள்ளிப் பையன் டிரவுட் ஏறக்குறைய 4 வினாடியில் ஓடிக்கொண்டிருந்தார். அதுவும் ஒல்லிப் பையன் இல்லை, தோள் அகன்ற கனத்த உடம்பு. கடைசிப் பள்ளி ஆண்டில் 18 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). நியூ ஜெர்சி மாநிலத்தில் அதற்கு முன் எந்தப் பள்ளி மாணவரும் ஒரு சீசனில் அத்தனை அடித்ததில்லை. ஒரு மாநிலப் போட்டியில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது எதிரணி அவருக்குப் பந்து போடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பியது. உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஒரு ரன்னைத் தானம் கொடுத்துவிட்டு, இவன் அடிக்காமல் இருந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் அணிகள் தயங்கின? உங்கள் மாநிலத்துக் குளிர்தான் பெரிய காரணம். ஃப்ளோரிடா, டெக்சஸ், கலிஃபோர்னியாப் பையன்கள் வருடம் முழுக்க ஆடுகிறார்கள், நல்ல பிட்சர்களை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். வடகிழக்கில் பள்ளி சீசன் ஏப்ரலில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும், நடுவில் மழை வேறு. அங்கே ஒருவன் 18 ஹோம் ரன் அடித்தால், யார் போட்ட பந்தில் அடித்தான் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டவர்களில் பலர் பதிலைத் தேடி அந்தக் குளிரில் போதுமான நாள் நிற்கவில்லை.

நின்றவர் கிரெக் மோர்ஹார்ட். ஜெஃபோடு மைனர் லீகில் ஆடிய அதே ஆள், அப்போது லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு வடகிழக்குப் பகுதியில் புது ஆட்டக்காரர்களைத் தேடும் ஸ்கவுட். பழைய சிநேகிதன் மகன் என்பதால் சிபாரிசு செய்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்பாவின் ஆட்டத்தை ஒரே அணியில் நின்று பார்த்தவர், மகனிடம் இருப்பது அதைவிட எவ்வளவு அதிகம் என்று அளக்கத் தெரிந்தவர். தன் மேலதிகாரி எட்டி பேனிடம் இந்தப் பையனுக்காக விடாமல் வாதாடினார். பேனும் நம்பினார்.

2009 ஜூன் 9. நியூ ஜெர்சி சீகாகஸில் ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோவில் டிராஃப்ட். நேரில் வந்த ஒரே ஆட்டக்காரர் டிரவுட். 17 வயதுப் பையன், குடும்பத்தோடு கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறான். முதல் பெயர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். அப்புறம் ஒவ்வொன்றாக இன்னும் 23 பெயர்கள். ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும். 24வது பெயரை அழைத்ததே ஏஞ்சல்ஸ்தான்: ராண்டல் கிரிச்சக், டெக்சஸில் இருந்து வந்த இன்னொரு பள்ளிக்கூட அவுட்ஃபீல்டர். அடுத்த 25வது வாய்ப்பும் ஏஞ்சல்ஸுக்கே. ஏஞ்சல்ஸில் ஆடிய மார்க் டெஷேராவை நியூயார்க் யாங்கீஸ் தன் பக்கம் இழுத்துக்கொண்டதற்கு விதிப்படி இழப்பீடாக வந்த வாய்ப்பு அது. அதில் டிரவுட்டை எடுத்தார்கள். அவர் சிறுவயதில் கொண்டாடியது யாங்கீஸின் டெரிக் ஜீட்டரை என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

எட்டி பேன் அந்த ஒரே டிராஃப்டில் டிரவுட், கிரிச்சக், டைலர் ஸ்காக்ஸ், காரெட் ரிச்சர்ட்ஸ், பாட்ரிக் கார்பின் என்று ஐந்து பேரை எடுத்தார். ஐந்து பேருமே மேஜர் லீகுக்குப் போனார்கள். 50 சுற்றுகள் ஓடி, 1500க்கு மேற்பட்டவர்கள் எடுக்கப்பட்டு, பெரும்பாலானவர்கள் ஒரு நாள்கூட மேலே ஆடாமல் திரும்புகிற ஒரு டிராஃப்டில் இது எவ்வளவு பெரிய காரியம்! அடுத்த வருடம், 2010 சீசன் முடிந்ததும், ஏஞ்சல்ஸ் பேனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. அப்போது டிரவுட் மேஜர் லீகில் ஒரு பந்தைக்கூடச் சந்தித்திருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. விதை போட்டவரைக் களத்துமேட்டுக்கு வர விடாத மாதிரி.

அடுத்து உங்கள் மகன் சொன்ன ‘நேரே’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நேரே போகவில்லை. அரிசோனா பாலைவனத்தில் தொடங்கி, அயோவாவின் சீடர் ராப்பிட்ஸ், கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்கா, ஆர்கன்சா, சால்ட் லேக் சிட்டி என்று ஐந்து ஊர் அணிகளில் ஆடினார். மைனர் லீக் என்றால் பஸ். ராத்திரி ஆட்டம், ராத்திரியே பயணம், இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை அறை, கையில் கிடைத்த சாப்பாடு. டிரவுட்டுக்குக் கையெழுத்துப் பணமாக 12 லட்சம் டாலர் கிடைத்திருந்தது. உடன் ஆடிய பலருக்கு அதெல்லாம் கனவு.

அந்த நாட்களில் உடன் ஆடியவர், அறையையும் பங்கிட்டுக்கொண்டவர் டைலர் ஸ்காக்ஸ். அதே டிராஃப்டில் வந்த பிட்சர். 2019 ஜூலை 1 அன்று, அணி டெக்சஸில் தங்கியிருந்தபோது ஸ்காக்ஸ் விடுதி அறையில் இறந்துகிடந்தார். 27 வயது. ஜூலை 12, சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். ஏஞ்சல்ஸ் அணியில் எல்லோர் முதுகிலும் ஸ்காக்ஸ் பெயரும் அவருடைய 45ஆம் எண்ணும். ஸ்காக்ஸின் அம்மா முதல் பந்தை எறிந்தார். முதல் இன்னிங்ஸிலேயே டிரவுட் 454 அடிக்கு ஒரு ஹோம் ரன். இரண்டு பிட்சர்கள் சேர்ந்து எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றி, பிட்சர் நிற்கும் மண்மேட்டின்மேல் பரப்பிவிட்டுப் போனார்கள். அந்தக் காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் கண் மறைத்துவிடுகிறது.

2011 ஜூலை 8 அன்று மேஜர் லீகில் முதல் ஆட்டம். அணியின் சென்டர் ஃபீல்டர் பீட்டர் போர்ஜஸ் காயம்பட்டதால் கிடைத்த இடம். மூன்று முறை மட்டை பிடித்தார், ஒரு ஹிட்டும் இல்லை. நடுவில் திரும்ப ஆர்கன்சாவுக்கே அனுப்பினார்கள், பிறகு மறுபடி அழைத்தார்கள். அந்த வருடம் 40 ஆட்டத்தில் அவர் சராசரி .220. பத்து முறை மட்டை பிடித்தால் இரண்டு முறைதான் ஹிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் மூன்று முறை அடித்தால்தான் நல்ல ஆட்டக்காரர். அடுத்த வருடத் தொடக்கத்தில் உடம்பு சரியில்லாமல் எடை குறைந்து, சீசனை சால்ட் லேக்கில்தான் ஆரம்பித்தார். மகன் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களில் அந்த 2011ஆம் வருடத்துப் படம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்று நினைக்கிறேன்.

2012 ஏப்ரல் 28. ஏஞ்சல்ஸ் 20 ஆட்டத்தில் 14 தோற்று நிற்கிறது. டிரவுட்டைக் கூப்பிட்டார்கள். அதே நாளில் வாஷிங்டன் அணிக்காக பிரைஸ் ஹார்ப்பரும் முதல் முறையாக இறங்கினார். ஹார்ப்பர் 16 வயதிலேயே பத்திரிகை அட்டையில் வந்த பிள்ளை. ஆனால் அவரும் வளர்ந்தது விக்கெட் கீப்பர் மாதிரி பிட்சருக்கு எதிரே குந்தி உட்காரும் கேச்சராக. டிராஃப்டில் எடுத்த பிறகுதான் அணி அவரை அவுட்ஃபீல்டுக்கு மாற்றியது. ஒரே நாளில் வந்த இரண்டு பேருமே அவுட்ஃபீல்டுக்குத் தாமதமாக வந்தவர்கள்.

அந்த வருடம் டிரவுட் அடித்தது 30 ஹோம் ரன், அடி விழாமலே ஓடித் திருடிய பேஸ் 49, சராசரி .326. சிறந்த புதுமுகமாக ஒருமனதாகத் தேர்வானார். பிறகு நடந்ததெல்லாம் உங்கள் மகனுக்கு மனப்பாடமாக இருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். 2012 ஜூன் 27, பால்டிமோர், முதல் இன்னிங்ஸ். ஜே. ஜே. ஹார்டி அடித்த பந்து சென்டருக்கு வலப்பக்கம் சுவரைத் தாண்டப் போகிறது. எல்லோரும் சுவருக்கு மேலே நீண்ட கிளவ்வைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கால்களைப் பாருங்கள். சத்தம் கேட்ட மாத்திரத்தில் திரும்பி ஓடத் தொடங்கிவிட்டார். சுவருக்கு முன்னால் புல் முடிந்து மண் தொடங்கும். அந்த மண்ணைக் கால் உணர்ந்ததும் சுவர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அவுட்ஃபீல்டருக்குத் தெரிந்துவிடும், கண்ணைப் பந்திலிருந்து எடுக்க வேண்டாம். பிறகு ஏழடிச் சுவரின் மேல் ஏறிய மாதிரி ஒரு தாவல். பந்து உள்ளே.

இனி ரைட் ஃபீல்ட். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அந்தப் பக்கம் பந்து குறைவாக வரும், அதனால் ஆடத் தெரியாதவனை அங்கே நிறுத்துவார்கள் என்பது உண்மை. வளர்ந்தவர்கள் ஆட்டத்தில் கணக்கு மாறிவிடும். மூன்றாம் பேஸுக்கு மிக நீளமான எறி ரைட் ஃபீல்டிலிருந்துதான். அதனால் அவுட்ஃபீல்டில் கை பலம் அதிகமுள்ளவனை அங்கே நிறுத்துவார்கள். பிட்ஸ்பர்க்குக்கு ராபர்ட்டோ கிளமெண்டே நின்ற இடம் அது. சியாட்டிலுக்கு இச்சிரோ சுசுகி நின்ற இடமும் அதுதான். கோச் என்ன நினைத்து அவனை அங்கே நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. அவனே போய்க் கேட்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம். கேட்டுவிட்டு வந்து என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.