குட்டைக்குள் மருந்து எந்த வழியாகப் போகிறது?

கேள்வி: வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த இரண்டொரு நாளில், பக்கத்துக் குட்டையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. மருந்து டப்பாவில் நச்சு குறைந்த வகை என்றுதான் போட்டிருக்கிறது. வேறு மருந்துக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: டப்பாவில் காணும் நச்சு வகை, பெரும்பாலும் எலிகளில் சோதித்து, மனிதருக்கு உடனே நேரக்கூடிய ஆபத்தைக் கருதி வகுக்கப்பட்டது, மீனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகளைப் பாலூட்டிகளின் உடல் விரைவாகச் சிதைத்துவிடும், மீனால் அப்படிச் சிதைக்க இயலாது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே பல மீன்கள் மடிந்துவிடும். 25 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குட்டையில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கலப்பதற்கு, மொத்தத்தில் ஒரே ஒரு கிராம் நச்சுப்பொருள் போதும்.

அந்த ஒரு கிராம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நான் முதலில் சந்தேகிப்பது தெளிப்பை அல்ல, தெளிப்பானை நிரப்பிக் கழுவும் இடத்தைத்தான். மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைக் கத்தியால் கிழித்து வரப்பில் எறிகிறோம். நீர் கலக்காத மருந்து அதில் படிந்திருக்க, அடுத்த மழை அதை வாய்க்காலுக்குக் கொண்டுபோகிறது. ஆகவே நிரப்புவதையும் கழுவுவதையும் குட்டையை விட்டு விலகி, மண் தரையில் செய்யுங்கள். காலி டப்பாவில் கால்பங்கு நீர் ஊற்றி அரை நிமிடம் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. வேலை முடிந்தபின் தெளிப்பானை அலசிய நீரையும் அதே பயிரின்மீதே தெளித்துவிடலாம்.

அடுத்தது காற்று. பலத்த காற்றில் அடிக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இலைகூட அசையாத விடியற்காலையும் நல்ல நேரமன்று. தரையோரக் குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் நிற்பதால், நுண்துளிகள் கீழே படியாமல் மிதந்து நெடுந்தூரம் நகரும். குட்டைத் திசையிலிருந்து வயலை நோக்கி மெல்லிய காற்று வீசும்போது, பெரிய துளி விழும் நாசிலைப் பொருத்தி அடியுங்கள். கரையோரம் சில மீட்டருக்கு மருந்தே படாமல் புல் வளர விடுங்கள்; அதற்குரிய குறைந்தபட்ச அகலம் லேபிளில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் மீன்கள் மடிந்தால் மருந்தை மாற்றலாம். அப்போது நச்சு வகையை விட்டுவிட்டு, நீர்வாழ் உயிரினங்கள் குறித்து லேபிளில் உள்ள எச்சரிக்கை வரியைப் படித்துத் தேர்ந்தெடுங்கள்.