பிரெஞ்சுச் செய்திகளை எங்கே படிப்பது?

தம்பி, பரிஸுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், அறையில் இருப்பவர்கள் நாள் முழுவதும் சே-நியூஸ் தொலைக்காட்சியைப் போட்டுவைத்திருப்பதால் இந்த நாடே கலவரத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அரசியலை விளங்கிக்கொள்ள எதைப் பார்க்கலாம், எதைப் படிக்கலாம் என்பது உங்கள் கேள்வி.

முதலில் அந்தத் தொலைக்காட்சியையே எடுத்துக்கொள்வோம். இ-தெலே என்ற பெயரில் இருந்த அந்தச் செய்தி அலைவரிசை வென்சான் பொலொரே என்ற பெருமுதலாளியின் கைக்குப் போன பின்னர், 2016 இலையுதிர் காலத்தில் அதன் செய்தியாளர்கள் 31 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்த கையோடு பலர் விலகிச் சென்றுவிட, 2017 பெப்ரவரியில் பெயரும் சே-நியூஸ் என்று மாறியது. செய்தியாளரைக் களத்துக்கு அனுப்பச் செலவாகும், நாலு பேரை மேசையைச் சுற்றி இருத்திக் குடிவரவாளரைப் பற்றிப் பேசவிட அவ்வளவு செலவாகாது. நீங்கள் காணும் கலவரத்தில் பாதி அந்த மேசையில்தான் நடக்கிறது.

மற்றவையும் முதலாளி இல்லாதவை அல்ல. 1987இல் தனியார்மயமான தே.எஃப்.1 தொலைக்காட்சி கட்டட நிறுவனமான புயிக்கின் கையில் இருக்கிறது. 'லு பரிசியான்' பத்திரிகை ஆடம்பரப் பொருள் வணிகரான பெர்னார் ஆர்னோவினுடையது. 'லு ஃபிகாரோ' ரஃபால் போர் விமானம் செய்யும் தசோ குடும்பத்தினுடையது. அதற்காக இவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரஃபால் விற்பனையான செய்தியை ஃபிகாரோவில் படிக்கும்போது, விற்றவர் யார் என்பது நினைவில் இருந்தால் போதும்.

தொலைக்காட்சி அரசின் கையில் இருந்த காலம் மேலானது என்று வயதான பிரெஞ்சுக்காரர் யாராவது சொன்னால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1964 முதல் 1974 வரை வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் நடத்திய ஓ.ஆர்.டி.எஃப். நிறுவனத்தில் செய்தியின் மீது அரசாங்கத்தின் பிடி இறுக்கமாகவே இருந்தது. 1968 மே கிளர்ச்சியின்போது அதன் ஊழியர்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், பின்னர் அவர்களில் பலர் வேலை இழந்தார்கள்.

எனக்குப் பிடித்தது 1915இல் தொடங்கிய 'கனார் ஆன்ஷெனே' என்ற நையாண்டி வார இதழ். புதன்கிழமை தோறும் எட்டுப் பக்கங்களில் வரும், விளம்பரம் வாங்காது. மத்திய ஆபிரிக்காவின் ஆட்சியாளர் பொக்காசா ஜிஸ்கார் தெஸ்தானுக்குக் கொடுத்த வைரங்களைப் பற்றி அது 1979இல் எழுதியது, அப்போது ஜனாதிபதியாக இருந்த அவரை 1981 தேர்தல்வரை துரத்தியது; 2017இல் ஜனாதிபதி வேட்பாளர் ஃபிய்யோன் தம் மனைவிக்குப் பெயரளவில் வேலை கொடுத்துப் பொதுப்பணத்தில் சம்பளம் பெறவைத்ததை வெளியிட்டு, ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் போகவிருந்தவரை முதற்சுற்றிலேயே வீழ்த்த வழிசெய்தது. ஆனால் அதன் மொழி முழுவதும் சிலேடையும் குத்தலுமாக இருப்பதால், இப்போதைக்கு உங்களுக்குப் பிடிபடாது.

இன்றைய நிலையில், ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் தரும் பத்து நிமிடச் செய்தியிலிருந்து தொடங்குங்கள். காது பழகியதும் அருகிலுள்ள மாநகர நூலகத்துக்குப் போய், ஒரே நாளின் ஃபிகாரோவையும் 'லிபெராசியோ'னையும் எடுத்து, ஒரே செய்தியை வலதுசாரிப் பத்திரிகை எப்படி எழுதியிருக்கிறது, இடதுசாரிப் பத்திரிகை எப்படி எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கே இருந்து படிக்கக் காசு கேட்கமாட்டார்கள். 'லு மோந்த்' நாளிதழ் பிற்பகலில் வெளிவந்து மறுநாள் திகதியைத் தாங்கியிருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.