3 நாள் ஆம்ஸ்டர்டாம் பயணம்: நகரத்திலேயே இருக்கலாமா, பக்கத்துக் கிராமங்களுக்கும் போகலாமா?

பெற்றோரோடு 3 நாள் ஆம்ஸ்டர்டாம் போகிறோம், கால்வாய் நகரத்தைப் பார்க்கவே நேரம் போதாது, அதில் ஒரு நாளைக் கிராமங்களுக்குக் கொடுப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கொடுங்கள். கடைசி நாளில் மிச்சமிருக்கும் நேரத்தில் ஓடிப்போய் வருவதாக இல்லாமல், நடு நாளை முழுதாகக் கொடுங்கள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மே மாதம் போயிருந்தேன். நகரத்தில் பார்த்த பல விஷயங்கள் கிராமங்களுக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கின.

முதலில் நகரம். ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற மூன்று பெரிய கால்வாய்கள் பழைய நகரத்தை அரைவட்டமாகச் சுற்றி வருகின்றன. 17ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டுத் தோண்டியவை இவை. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. படகுச் சவாரி போகத்தான் போவீர்கள். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகைவிட, திறந்த சின்னப் படகில் சாயங்காலம் போவது எவ்வளவோ மேல். ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னால் கரையோரமாக நடந்து பாருங்கள். வீடுகளின் உச்சியில் ஒரு உத்தரமும் அதில் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே படிக்கட்டு மிகக் குறுகல் என்பதால் கட்டில், பீரோ எல்லாவற்றையும் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். தூக்கும் பொருள் சுவரில் இடிக்கக் கூடாது என்றுதான் பல வீடுகளின் முகப்பை முன்னோக்கிச் சற்றுச் சாய்த்தே கட்டியிருக்கிறார்கள்.

அந்த வீடுகள் எதன் மேல் நிற்கின்றன என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மேலே இருப்பது சேறும், செடிகொடிகள் பாதி மக்கி உருவான பஞ்சு போன்ற கரி மண்ணும். அதற்குக் கீழே மணல் அடுக்கு வரும் வரைக்கும் மரக் கம்பங்களை இறக்கி, அவற்றின் மேல் கட்டியிருக்கிறார்கள். டாம் சதுக்கத்தில் இருக்கும் அரண்மனைக்கு மட்டும் 13,659 கம்பங்கள். மரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்வரை உளுத்துப்போகாது. நிலத்தடி நீர் இறங்கி, கம்பத்தின் தலையில் காற்றுப் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் தண்ணீர் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நகரக் கால்வாய்களின் மட்டத்தைக் கடல் அளவைவிடச் சுமார் 40 செ.மீ. கீழே எப்போதும் பிடித்து வைத்திருக்கிறார்கள். அமைதியாகத் தெரியும் அந்தத் தண்ணீருக்குப் பின்னால் மதகுகளும் பம்புகளும் ஓயாமல் வேலை செய்கின்றன.

அடுத்த நாள் கிராமங்களுக்குப் பேருந்தில் போனோம். சென்ட்ரல் ஸ்டேஷனின் பின்பக்கம் மாடியில் பேருந்து நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 316 எடாம், வோலண்டாம் பக்கம் போகும், 315 மார்கன் போகும். நகரம் முடிந்த சில நிமிடங்களிலேயே பச்சைப் புல்வெளி, மாடுகள், கோடு போட்டது போல வாய்க்கால்கள். அம்மாவுக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம், வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாசன வாய்க்கால் வயலைவிட மேல இருக்கும், சரி. இங்க வடிகாலே வயலைவிட மேல இருக்கே? அப்புறம் தண்ணி எப்படிடா வடியும்?"

அந்த நாட்டின் தாழ்வான பகுதி முழுவதற்கும் பொருந்தும் கேள்வி அது. தண்ணீர் தானாக வடியாது, தூக்கித்தான் ஊற்ற வேண்டும். வயலில் இருந்து சின்ன வாய்க்கால், அதிலிருந்து மேலே இருக்கும் பெரிய கால்வாய், அங்கிருந்து கடல். இந்தத் தூக்கும் வேலையைத்தான் நூற்றாண்டுகளாகக் காற்றாலைகள் செய்தன. எடாமுக்கு மேற்கே இருக்கும் பேம்ஸ்டர் ஒரு காலத்தில் பெரிய ஏரி. காற்றாலைகளை வைத்தே இறைத்து 1612இல் அதை வயலாக்கிவிட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கரி மண்ணிலிருந்து தண்ணீரை எடுத்தால் மண் காய்ந்து, மக்கி, அமுங்கிவிடும். நிலம் இறங்கியதும் இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டும், நிலம் மறுபடியும் இறங்கும். இன்று மின்சாரப் பம்புகள் இறைக்கின்றன, ஆனால் கணக்கு அதேதான். அம்மாவுக்கு நான் விளக்கி முடித்ததும், "அப்போ ஒரு நாள் பம்பை நிறுத்தினா?" என்றார். அதற்கு மேல் அவர் பேருந்தில் தூங்கவே இல்லை.

வோலண்டாம் துறைமுகம் அழகான இடம்தான். ஆனால் கூட்டம் அதிகம். கூரான வெள்ளைத் தொப்பியும் பாவாடையும் மாட்டிவிட்டுப் போட்டோ எடுத்துத் தரும் கடைகள், நினைவுப் பொருள் கடைகள், வறுத்த மீன் கடைகள். ஒரு மணி நேரம் போதும். மீன் சாப்பிடுபவர்கள் மாவில் தோய்த்துப் பொரித்த கிபெலிங் வாங்கிக்கொள்ளுங்கள், சுடச்சுட நன்றாக இருக்கும்.

மார்கனுக்குத்தான் நேரம் கொடுங்கள். வோலண்டாமிலிருந்து படகில் அரை மணி நேரம். குளிர்காலமாக இருந்தால் படகு ஓடுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். 1957 வரைக்கும் அது தனித் தீவு. அந்த வருடம்தான் கரை போட்டுச் சாலையால் இணைத்தார்கள். கரும்பச்சை அடித்த மர வீடுகள் எல்லாம் செயற்கையாக எழுப்பிய மண் மேடுகளின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மேட்டில் இடம் தீர்ந்தபோது கால்கள் நட்டு அவற்றின் மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் அடியில் புகுந்து போகட்டும் என்று விட்டிருந்த இடம் அது. இன்று பல வீடுகளில் அதை அடைத்து அறையாக்கிவிட்டார்கள். அடைக்க முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1916 ஜனவரியில் கரைகள் உடைந்து இந்த வட்டாரம் மூழ்கியது, மார்கனில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பொறியாளர் கொர்னேலிஸ் லேலி முன்பே போட்டு வைத்திருந்த திட்டத்துக்கு வழி பிறந்தது. 32 கி.மீ. நீளக் கரை ஒன்றை 1932இல் கட்டி முடித்து, உள்ளே புகுந்திருந்த சாய்டர்சே என்ற கடலையே மூடினார்கள். உப்பு நீர் நாளடைவில் நன்னீர் ஆயிற்று. வெள்ள பயம் போயிற்று. கூடவே கடல் மீனும் போயிற்று. வோலண்டாமிலும் மார்கனிலும் தலைமுறைகளாக மீன் பிடித்தவர்கள் தொழிலை இழந்தார்கள். அந்தத் துறைமுகத்தில் நின்று பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கான விலையை அந்த ஊர்க்காரர்கள்தான் கொடுத்தார்கள்.

மார்கனின் கிழக்கு முனையில் 1839இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. கரை மேலேயே நடந்து போகலாம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் அதைவிடத் தாழ்வான புல்வெளி. எதற்காக அவ்வளவு தூரம் போகிறோம் என்பது அந்த நடையிலேயே தெரிந்துவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் துறைமுகத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், வசதியான இடம்.

காற்றாலை பார்க்க ஆசை இருக்கும். அதற்கு சான்சே ஸ்கான்ஸ் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம், இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் பெரிய ஆலைகள் தண்ணீர் இறைத்தவை இல்லை, தொழிற்சாலைகள். 'டி காட்' வண்ணப் பொடி அரைக்கிறது, 'டி ஸூக்கர்' எண்ணெய் ஆட்டுகிறது, 'ஹெட் யோங்க ஸ்காப்' மரம் அறுக்கிறது. வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஏதாவது ஒன்றின் உள்ளே ஏறிப் பாருங்கள். டி காட்டின் உள்ளே அந்தப் பெரிய கல் உருளைகள் சுற்றும்போது கட்டிடமே அதிரும். இந்த ஸான் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஆலைகள் இருந்தன. இங்கே அறுத்த மரம் கப்பல் கட்டப் போனது. கப்பல் கட்டும் வித்தையைப் பார்க்க ரஷ்ய மன்னர் பீட்டர் 1697இல் பக்கத்து ஸான்டாமுக்கே வந்து தங்கினார். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து, சோழமண்டலக் கரைத் துணியை ஏற்றிப் போன டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாம்தான் முக்கிய இடம். கால்வாயோர மாளிகைகளுக்கு அந்த வணிகப் பணமும் அடிமை வணிகப் பணமும் போயிருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

ஒரே நாளில் சான்சே ஸ்கான்ஸ், எடாம், வோலண்டாம், மார்கன் எல்லாவற்றையும் காட்டும் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, எங்கேயும் நிற்க விடமாட்டார்கள். காலையில் மார்கன், மதியம் எடாமில் கொஞ்ச நேரம், அது போதும். காற்றாலைகளை மூன்றாம் நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையே இல்லாத கிராமம் என்று வீடியோக்களில் வரும் ஹீத்தோர்ன் அழகுதான், ஆனால் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். இந்த முறை விட்டுவிடுங்கள்.

சாப்பாடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுத்த சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே பல சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். சைவ ரென்னெட்டா என்று கேட்டு வாங்குங்கள். பெற்றோருக்கு ரொட்டி சலித்துப் போனால் சுரினாம் உணவகம் தேடுங்கள். சுரினாம் தென் அமெரிக்காவில் இருந்த டச்சுக் காலனி. 1873 முதல் வட இந்தியாவிலிருந்து சுரினாமுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் பலர் இப்போது நெதர்லாந்தில் இருக்கிறார்கள். மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்குக் குழம்பு, காராமணிக்காய் என்று தட்டு வந்ததும் அம்மா முகம் மலர்ந்தது. ஆல்பர்ட் கைப் சந்தைப் பக்கம் இப்படிப்பட்ட கடைகள் கிடைக்கும்.

ஆன் ஃபிராங்க் வீட்டுக்குப் போவதாக இருந்தால் சீட்டு இணையத்தில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கானவை வெளியாகும், சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளே படிகள் செங்குத்து, பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போக்குவரத்துக்கு 'ஆம்ஸ்டர்டாம் அண்ட் ரீஜியன்' பயணச் சீட்டை 3 நாளுக்கு எடுத்தால் டிராம், கிராமப் பேருந்து, சான்சே ஸ்கான்ஸ் ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் அதில் அடங்கும். மார்கன் படகுக்குத் தனிக் காசு. அப்புறம், செந்நிறத்தில் இருக்கும் பாதை சைக்கிளுக்கானது. அதில் அப்பா அம்மாவை நிற்க விடாதீர்கள், சைக்கிள்கள் வேகத்தைக் குறைக்காமல் வரும்.