திருமணத்திற்கு முன் மச்சானின் குருதியையும் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 27. ஈமோகுளோபின் குறைவு என்று ஒன்றரை ஆண்டாக இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் கூடவில்லை. இப்போது பரிசோதித்துவிட்டு, நான் ‘பீட்டா தலசீமியா காவி’ என்கிறார்கள். அம்மாவின் அண்ணன் மகனோடு தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. வெளியே சொன்னால் சம்பந்தம் குழம்பிவிடும், பேசாமல் இரு என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: நீங்கள் நோயாளி இல்லை, இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தலசீமியா என்பது குருதியில் ஈமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோய். காவி என்றால் அதற்கான பிழையைச் சுமப்பவர், ஆனால் அந்த நோய் இல்லாதவர். காவியாக இருப்பவர் படிக்கலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம். ஆனால் ‘பேசாமல் இரு’ என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

நடந்தது என்ன? ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டாச் சங்கிலியை ஆக்கும் பரம்பரை அலகு (ஜீன்) 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. சுமார் 1,600 எழுத்துகள் கொண்ட அந்தக் குறிப்பில் ஓர் எழுத்து மாறினாலே போதும், சங்கிலி சரிவர உருவாகாது. இத்தகைய மாற்றத்தை விகாரம் என்பார்கள். இலங்கையில் அதிகம் காணப்படும் விகாரம் அப்படிப்பட்டதுதான்: ‘ஜி’ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘சி’. ஒவ்வோர் அலகும் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. உங்களுடைய ஒரு பிரதியில் பிழை. மற்றது நன்றாக வேலை செய்கிறது. அதனால் செங்குருதிக் கலங்கள் சற்றுச் சிறியவையாக இருக்கின்றன, ஈமோகுளோபின் கொஞ்சம் குறைந்து நிற்கிறது. இந்தக் குறைவுக்குக் காரணம் இரும்புச்சத்து இல்லாமை அல்ல. அதனால்தான் மாத்திரை பலிக்கவில்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்க்காமல் இனி அந்த மாத்திரையைத் தொடர வேண்டாம்.

குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை என்கிறீர்கள். காவிகளுக்கு அறிகுறியே தெரியாதபோது யார் கண்டுபிடித்திருப்பார்கள்? இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இந்த விகாரத்தைச் சுமக்கிறார்கள். இது யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல. மலேரியா மலிந்திருந்த நாடுகளில் காவிகளுக்கு அந்தக் காய்ச்சலைத் தாங்கும் வலு சற்று அதிகமாக இருந்தது. அப்படித்தான் இந்தப் பிழை தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. கொசு கொண்டுவந்த ஆபத்து போய்விட்டது, விகாரம் நம்மிடம் தங்கிவிட்டது.

இனி மச்சானின் விடயம். இந்த விகாரம் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருந்தால், அம்மம்மாவோ அம்மப்பாவோ காவியாக இருந்திருப்பார். அது மாமாவுக்குப் போயிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவரிடமிருந்து மச்சானுக்குப் போயிருக்க மறுபடியும் இரண்டில் ஒன்று. ஆக, நான்கில் ஒன்று. அந்நியர் ஒருவரை மணந்தால் இது ஐம்பதில் ஒன்று மட்டுமே. உங்கள் அப்பாவிடமிருந்து வந்திருந்தால் மச்சானின் வாய்ப்பும் அந்நியருடையதைப் போன்றதே. எப்படியானாலும் கணக்குப் போட்டுக் கவலைப்படுவதைவிட அவருடைய குருதியைப் பார்த்துவிடுவதே நேர்வழி.

அவருக்கு விகாரம் இல்லை என்றால் உங்கள் பிள்ளைகளுக்குத் தலசீமியா நோய் வராது; சிலர் உங்களைப் போலக் காவிகளாக இருக்கலாம், அவ்வளவுதான். அவரும் காவியானால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. ‘ஒவ்வொரு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது என்று நம்பி இரண்டாவதையும் பெற்று, இருவரையும் குருதியேற்றலுக்குக் கொண்டுவந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். நாணயத்துக்கு முந்தைய சுண்டல் நினைவிருக்காது.

அந்தப் பிள்ளைகள் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிய குருதியின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து. என்பு மச்சை மாற்றம் குணப்படுத்தக்கூடும், பொருந்தும் கொடையாளர் கிடைத்தால். கருவிலேயே கண்டறியும் வழி உண்டு. ஆனால் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே இங்கே தெரிந்துகொள்ளச் சரியான நேரம் கருத்தரித்த பின் அல்ல, அதற்கு முன்.

இருவரும் காவிகள் என்றாலும் முடிவு உங்கள் இருவருடையது. பிரிவதும் ஒரு முடிவு. அறிந்தே மணப்பதும், செயற்கைக் கருத்தரிப்பில் கருவைப் பரிசோதித்துப் பதிப்பதும், தத்தெடுப்பதும் அப்படியே. குறிப்புப் பார்த்து நாள் குறிக்கும் பெரியவர்கள் இந்தக் குருதிப் பரிசோதனைத் தாளையும் பார்ப்பதில் ஒரு குறைவும் இல்லை. மச்சானிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், பொன்னுருக்குக்கு நாள் பார்ப்பதற்கு முன்பே. உங்கள் உடன்பிறந்தவர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

மச்சானுக்கு வெறும் ஈமோகுளோபின் அளவு போதாது. முழுக் குருதிக் கணக்கும், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனையும் வேண்டும். பின்னதுதான் ஈமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவைக் காட்டும், 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் காவி. ஈமோகுளோபின் ஈ என்ற மற்றொரு விகாரத்தையும் அது காட்டும். உங்கள் விகாரத்தோடு அது சேர்ந்தாலும் பிள்ளைக்குக் கடும் குருதிச்சோகை வரலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 அளவு குறைந்து காட்டி ஏமாற்றும் என்பதால் பெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு, ராகமையிலும் குருநாகலிலும் உள்ள தலசீமியா நிலையங்கள் ஆகியவற்றில் ஆலோசனை கேட்கலாம். இருவருமாகப் போங்கள், உங்கள் பழைய அறிக்கைகளோடு. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. மச்சானுக்கு அண்மையில் குருதி ஏற்றியிருந்தால் மட்டும் மூன்று மாதம் பொறுத்துப் பரிசோதிக்க வேண்டும்.