கேள்வி – பதில்: கணினி நிரல் எழுதப் பழகுவோருக்கு

கேள்வி: வணிகவியல் படித்துவிட்டு, மொத்த விற்பனைக் கடையொன்றில் கணக்கு எழுதி வருகிறேன். நாற்பது வயதைக் கடந்துவிட்டேன். கணிதத்திலும் தேர்ச்சி குறைவு. நான் நிரல் எழுதக் கற்க முடியுமா? எந்த மொழியில் தொடங்கலாம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: தாராளமாக முடியும். தொடக்க நிலை நிரல்களுக்குப் பள்ளிக் கணக்குக்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படாது. பேரேட்டில் ஒரு வரவைப் பற்றுப் பக்கத்தில் பதிந்துவிட்டால் இருப்பு இடிக்கும் என்பதை அறிந்து, அந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று வரிவரியாகத் தேடிப் பழகிய உங்களிடம், நிரலருக்கு வேண்டிய பொறுமை ஏற்கெனவே இருக்கிறது. பைத்தானில் தொடங்குங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ராசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட இம்மொழி இலவசமாகக் கிடைக்கிறது. எந்த மொழி உயர்ந்தது என்ற விவாதங்களில் மனத்தைச் செலுத்தாமல், ஆறு மாதமாவது இதிலேயே நிலைத்திருங்கள்.

கேள்வி: இரண்டு எண்களைக் கூட்டும் நிரலைப் பைத்தானில் எழுதினேன். 5, 3 என்று உள்ளிட்டால் 8 வரவில்லை, 53 வருகிறது. கணினியில் ஏதேனும் பழுதா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: பழுது இல்லை. விசைப்பலகையில் தட்டுவதைப் பெற்றுத் தரும் ‘இன்புட்’ என்னும் கட்டளை, நீங்கள் எதைத் தட்டினாலும் அதை எழுத்துகளின் தொடராகவே, அதாவது ‘ஸ்டிரிங்’ ஆகவே, நிரலிடம் ஒப்படைக்கிறது. கூட்டல் குறி எண்களுக்கு இடையே நின்றால் கூட்டும். எழுத்துத் தொடர்களுக்கு இடையே நின்றால் ஒன்றை அடுத்து மற்றொன்றை ஒட்டிவிடும். இந்த வேறுபாடு வீண் தொல்லை அன்று. உங்கள் ஊரின் தொலைபேசிக் குறியீடான 0451ஐ எண்ணாக மாற்றிச் சேமித்தால், முன்னால் உள்ள 0 மறைந்து வெறும் 451 ஆகிவிடும். அதை யாரும் கூட்டப்போவதும் இல்லை என்பதால், எழுத்துத் தொடராக வைப்பதே முறை. உங்கள் நிரலிலோ கூட்ட வேண்டியிருப்பதால், உள்ளீட்டை ‘இன்ட்’ என்பதைக் கொண்டு முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் 2.5 என்று உள்ளிட்டால் நிரல் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். தசம எண்களும் வேண்டுமெனில் ‘ஃப்ளோட்’ என்பதைப் பயன்படுத்த வேண்டும். அத்தகைய செய்தியைக் கண்டு அஞ்சாமல், அதன் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்பது அங்கேயும், எந்த வரியில் என்பது அதற்கு மேலேயும் இருக்கும். எச்சரிக்கை எதுவும் காட்டாமல் தவறான விடை தரும் நிரலே அதிக ஆபத்தானது என்பதால், விடை முன்பே தெரிந்த சிறிய கணக்கைக் கொடுத்து நீங்கள் சோதித்தது மிக நல்ல பழக்கம்.

கேள்வி: நிரலைத் தமிழிலேயே எழுத முடியுமா?
– பள்ளி ஆசிரியர், சேலம்

பதில்: பெருமளவு முடியும். ‘எழில்’ என்ற மொழி தமிழ்ச் சொற்களாலேயே அமைந்தது. பைத்தானில் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே எனினும், அதன் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைச் சேமித்து வைக்கும் இடங்களுக்கு, தமிழ்ப் பெயர் சூட்டலாம்; ‘தொகை = விலை * எண்ணிக்கை’ என்ற வரி அப்படியே இயங்கும். தமிழ்வழி மாணவர்களுக்கு இப்படித் தொடங்குவதையே நான் விரும்புகிறேன். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், 3 என்று பைத்தான் சொல்லாது. 5 என்று சொல்லும். எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரத் துணைக்குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தனித்தனிக் குறியீடுகள். மெய்யையும் உயிர்மெய்யையும் நாம் ஓரெழுத்தாக எண்ணுவது அதற்குத் தெரியாது. துணைக்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணும் நிரலை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்; ‘அம்மா’ என்று கொடுத்தால் 3 வர வேண்டும்.