லோடு ஏற்றினால் பிக்கப் வண்டி இழுக்கவில்லையா? முதலில் காற்று வழியைப் பாருங்கள்

அண்ணே, நெல் மூட்டை ஏற்றினால் வண்டி இழுக்கவில்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் டீசல் போகிறது, பெரும்பாலும் காற்றுதான் போதவில்லை. மன்னார்குடிப் பக்கம் அறுவடை நேரத்தில் களத்துத் தூசியும் பதரும் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் புதிதே போடுங்கள். பழைய ஃபில்டரையே காற்றடித்துச் சுத்தம் செய்து ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. பேப்பர் கிழிந்தால் தூசி நேரே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குத்தான் போகும்.

அப்புறம் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். கிளாம்ப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் 'உஸ்' சத்தம், இரண்டும் இருந்தால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

டீசல் ஃபில்டரில் தண்ணீர் நின்றால் வடித்துவிடுங்கள், ஆனால் கறுப்புப் புகைக்கு அது காரணமாக இருக்காது. இதையெல்லாம் பார்க்காமல், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றலாம் என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.